பன்னிரண்டு சதவீதம்

ராயபுரம், மன்னார்சாமி கோயில் தெரு.
போட் எஞ்சின் ரிப்பேர் கடைக்கு மேல்மாடி.
மாதம் இரண்டு தடவை
இருபத்தைந்து கிலோ களிமண் பைகள்
மீன்பாடி வண்டியில் வரும்.
ஓட்டுவது நான், ஏற்றுவதும் நான்.
படி முப்பத்தொன்று.

ஹெப்சிபா கை கழுவாமலே கையெழுத்துப் போடுவாள்.
தெரு முனை திரும்புவதற்குள்
அவள் கட்டைவிரல் ரசீதில் காய்ந்து
என் சட்டைப்பைக்குள் உதிர்ந்துவிடும்.

நாலாவது நடையோ ஐந்தாவதோ,
டீ கொடுத்தாள்.
காது வைத்த கோப்பை,
மழைக்கு முன்னால் கடல் இருக்குமே அந்த நிறம்.
பிடித்தேன். சுழன்றது. முட்டி சுட்டது.
பாதி டீ தரையில்.
அவள் தரையைப் பார்க்கவில்லை.

"எப்போ போச்சு?"
"ஏழு வருசம். ஹார்பர்ல.
கன்டெய்னர் கட்டுற கம்பி இழுத்துக்கினு போச்சு."
"நடுவிரல் மட்டும்தானா?"
மட்டும்தான் என்றேன்.
"அளவெடுத்து ஒண்ணு செய்யலாம். எழுநூறு ரூபா."

எழுநூறு.
காசிமேட்டில் அந்தக் காசுக்குக்
கூடை காரப்பொடி எடுத்து
தெருவுக்கே குழம்பு வைக்கலாம்.
சுமைகூலியில் கழிச்சிக்கோம்மா என்றேன்.
"அது வேற, இது வேற.
தூக்கினதுக்கு நான் தரணும்.
செஞ்சதுக்கு நீங்க தரணும்."
கறார்.
முந்நூறு அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு
பில் புக்கில் எழுதினாள்:
கோப்பை ஒன்று. வலது கை. பிடி தனி.

இந்தக் கையை இதற்கு முன்பும் அளந்திருக்கிறார்கள்.
நஷ்டஈட்டு ஆபீஸில்,
மின்விசிறிக்குக் கீழே பறக்கும் தாள்களை
முழங்கையால் அமுக்கிக்கொண்டே
ஒருவர் டைப் அடித்தார்:
உழைக்கும் திறன் இழப்பு, பன்னிரண்டு சதவீதம்.
மறுபடி நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஹெப்சிபா ஈரக் களிமண்ணை உருட்டி
உள்ளங்கையில் வைத்தாள். ஐஸ் மாதிரி இருந்தது.
"டீ குடிக்கிற மாதிரி அழுத்துங்க."
அழுத்தினேன்.
"இது மூட்டை தூக்குற பிடி."
மறுபடி.
"இதுவும்."
கண்ணை மூடி, ராத்திரி ஷிப்ட் முடிந்த
ஒரு விடிகாலையை நினைத்துக்கொண்டு அழுத்தினேன்.
அதை வாங்கி ஈரத்துணியில் சுற்றிவைத்தாள்.

"கேட்டுக்கங்க, பெருசாத்தான் செய்வேன்.
காயறப்ப கொஞ்சம், சூளையில கொஞ்சம்,
பன்னிரண்டு சதவீதம் சுருங்கிடும்."

சிரித்துவிட்டேன்.
"என்ன?"
"ஒண்ணுமில்லம்மா. தெரிஞ்ச நம்பரு."

முதல் கோப்பை, சூளை சிவந்து நிற்கும்போது
கரண்ட் போய்க் கெட்டது.
இரண்டாவதற்குப் போன் வந்தது:
"அண்ணா, உங்க காது பிளந்துடுச்சு.
வேற காது வெக்கிறேன், ரெண்டு வாரம் ஆகும்."
ஸ்பீக்கரில் கேட்ட என் வீட்டுக்காரி
அடுப்பை அணைத்துவிட்டு வந்து
என் தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம்
திருப்பிப் பார்த்தாள்.

மூன்றாவது நின்றது.
அடியில் ஒரு மணல் புள்ளி. குறை, ஐம்பது கழிச்சிக்கோங்க என்றாள்.
வேண்டாம், முழுசாகவே வாங்கிக்கொள் என்றேன்.
எனக்கும் கறார் வரும்.

காதின் நடுவே ஒரு சின்ன மேடு.
ஆள்காட்டி விரல் மேலே உட்கார,
மோதிர விரல் கீழே உட்கார,
நடுவில் இருக்கவேண்டியது
ஏற்கெனவே அங்கே இருந்தது,
சுட்டு, பளபளப்பாக.

இப்போது வண்டி சீட்டுக்கு அடியில்
பழைய பனியனில் சுற்றிக்கிடக்கிறது.
கல்மண்டபம் டீக்கடையில் நீட்டினால்
மாஸ்டர் அதிலேயே ஊற்றுவார்.

எட்டியப்பனுக்குப் பொறுக்கவில்லை.
"எழுநூறு ரூபா கப்பா? குடு, நானும் குடிச்சுப் பார்க்கிறேன்."
கொடுத்தேன்.

இப்படிப் பிடித்தான். அப்படிப் பிடித்தான்.
இடது கைக்கு மாற்றினான்.
அவனுடைய நடுவிரல்
எங்கே போவதென்று தெரியாமல்
நீட்டிக்கொண்டு நின்றது.

டீ ஆறிக்கொண்டிருந்தது.
"இன்னாய்யா இது, கைக்கே அடங்கல" என்றான்.
நான் ஒரு பிஸ்கட் எடுத்துக் கடித்தேன்.